சித்திர ஆசிரியராகப் பயில்பவர் எதை வாங்கலாம்: போனா, பென் டெப்லட்டா, எஸ் பென் டெப்பா, ஐபேட்டா?

திருகோணமலையில் சித்திர ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் ஒருவர், டிஜிட்டலில் வரையப் பழக என்ன வாங்கலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யூடியூப்பில் பார்த்த தொழில்முறை ஓவியரை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆசிரியரின் தேவை வேறு. சாதாரண தரச் சித்திரப் பாடத்தின் செய்முறைப் பரீட்சை இன்னமும் தூரிகையும் வர்ணமும் தாளும்தான். மாணவர் போன் கொண்டுவருவதைப் பெரும்பாலான பாடசாலைகள் அனுமதிப்பதில்லை. ஆக, கருவி இருக்கப்போவது ஒருவர் கையில். பார்க்கப்போவது முப்பது நாற்பது பிள்ளைகள். கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரியும்படி காட்ட முடியாத கருவி எவ்வளவு அழகாக வரைந்தாலும் வகுப்புக்கு உதவாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கடைக்காரர் சொல்லும் வரிசை தலைகீழாகிறது. எங்கள் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எவராயிருந்தாலும் கையில் இருக்கும் போனிலிருந்து தொடங்க வேண்டும். லெப்டொப் ஒன்று, பழையதாயினும், கிடைக்குமென்றால் அடுத்து வாங்க வேண்டியது திரையில்லாத பென் டெப்லட். லெப்டொப்புக்கு வழியே இல்லை என்றால் பெட்டிக்குள்ளேயே பேனாவோடு வரும் அண்ட்ராய்ட் டெப். ஐபேட் கடைசி. லெப்டொப்போடு இணைத்து மேலேயே வரையும் திரையான பென் டிஸ்ப்ளே பயிற்சிக் காலத்துக்குத் தேவையே இல்லை.

போன்: வரைவதற்கல்ல, காட்டுவதற்கு

போனில் விரலால் வரைவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ரப்பர் முனை ஸ்டைலஸும் விரலும் திரைக்கு ஒன்றுதான். அழுத்தம் தெரியாது, உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். ஆனால் அதே போனை மேசைக்கு மேலே தலைகீழாகப் பொருத்தி, கீழே தாளில் நீர்வர்ணம் பூசுவதை ப்ரொஜெக்டரிலோ டீவியிலோ காட்டினால், சித்திர வகுப்பில் டிஜிட்டல் கருவியால் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை முடிந்துவிட்டது. ஈரத்தில் ஈரம் பூசும்போது வர்ணம் எப்படிப் பரவுகிறது, தூரிகையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் கையை எடுக்க வேண்டும் என்பவற்றை ஆசிரியரின் மேசையைச் சுற்றி நாற்பது பேரும் நெருக்கியடித்துப் பார்க்க முடியாது. திரையில் எல்லோரும் பார்க்கலாம்.

ஏ4 தாள் முழுவதும் தெரிய, போனின் பிரதான கமரா தாளிலிருந்து 35 முதல் 40 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். அரை அங்குல பிவிசி குழாயும் நான்கைந்து எல்போவும் இருந்தால் தாங்கி ஒன்றை வீட்டிலேயே செய்துவிடலாம். அடிப்பாகத்தில் குழாய்க்குள் மணல் நிரப்பி அடைத்தால் ஆடாது. ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்: வலக்கையால் வரைபவருக்கு இடப்புறத்து யன்னல். இல்லாவிட்டால் தூரிகை முனை இருக்கும் இடத்திலேயே கையின் நிழல் விழும்.

இதில் மூன்று விடயங்கள் கெட்டுப்போகும். வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கமரா "வெளிச்சம் கூடிவிட்டது" என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கும். தாள் சாம்பல் நிறமாகத் தெரியும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, பிறகு சூரியக் குறியை மேலே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பூட்டினால் இரண்டாவது தொல்லையும் தீரும்: கை உள்ளே வரும்போதெல்லாம் ஃபோகஸ் கைக்கும் தாளுக்கும் இடையே அலைவது நிற்கும். மூன்றாவது, குழல் விளக்கின் கீழ் படத்தில் ஓடும் கறுப்புப் பட்டைகள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு 100 தடவை துடிக்கிறது. கமராவின் ப்ரோ நிலையில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் பட்டை மறையும்.

போனின் படத்தை ப்ரொஜெக்டருக்குக் கொண்டுபோவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். யூஎஸ்பி சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடப்டரை வாங்கிச் செருகிவிட்டு, படம் வரவில்லை என்று அடப்டரைக் குறை சொல்வார்கள். விலை குறைந்த, நடுத்தர விலைப் போன்களில் பெரும்பாலானவற்றின் துளை வழியாகக் காணொளி வெளியே வராது, அடப்டரில் தவறில்லை. வைஃபை வழியாக டீவிக்கு அனுப்பலாம், ஆனால் படம் சற்றுத் தாமதமாகத்தான் வரும். எங்களுக்குப் பிடித்த வழி லெப்டொப் ஊடாகப் போவது. scrcpy என்று எழுதி 'ஸ்கிரீன் காப்பி' என்று வாசிக்கப்படும் இலவச, திறந்த மூல மென்பொருள் ஒன்று உண்டு. அண்ட்ராய்ட் போனின் செட்டிங்ஸில் பில்ட் இலக்கத்தை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, சாதாரண டேட்டா வயரால் லெப்டொப்போடு இணைத்தால் போன் திரை அப்படியே லெப்டொப்பில் விரியும். இணையம் வேண்டாம், வைஃபை வேண்டாம், தாமதம் கண்ணுக்குத் தெரியாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு வயரில் இது வேலை செய்யாது. டேட்டா போகும் வயரா என்று கணினியில் ஒரு படத்தைப் பிரதி எடுத்துச் சோதியுங்கள்.

பழைய ப்ரொஜெக்டர்களில் விஜிஏ துளை மட்டுமே இருக்கும். இன்றைய லெப்டொப்பில் அது இருக்காது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சிறு பெட்டி ஒன்று பையில் நிரந்தரமாக இருக்கட்டும். பயிற்சிக்குப் போகும் பாடசாலையில் என்ன இருக்கிறது என்பதைப் பாடத்துக்கு முந்தின நாளே போய்ப் பாருங்கள். அரைச்சுவர் வகுப்பறையில், காலை பத்து மணிக்கு, எந்த ப்ரொஜெக்டரும் மெல்லிய பென்சில் கோட்டைக் காட்டாது. அங்கே 43 அங்குல டீவி ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள்.

திரையில்லாத பென் டெப்லட்

கறுப்புப் பலகை, அதற்கொரு பேனா, ஒரு யூஎஸ்பி வயர். பலகையில் வரைந்தால் கோடு லெப்டொப் திரையில் விழும். ஹூயியொன் எச்640பி, ஒன் பை வேகொம் சிறியது ஆகிய இரண்டும் இந்த வகையில் அதிகம் பேசப்படுபவை. முன்னதன் வரையும் பரப்பு 160க்கு 99 மில்லிமீற்றர், பின்னதன் பரப்பு 152க்கு 95. இரண்டின் பேனாவுக்கும் பற்றரி வேண்டாம். எச்640பியின் பேனா 8192 அழுத்த நிலைகளை உணரும், வேகொமின் பேனா 2048. இந்த எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2048க்கு மேல் கைக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கவனிக்க வேண்டியது, எவ்வளவு மெதுவாகத் தொட்டால் கோடு தொடங்குகிறது என்பதைத்தான்.

இதன் பெரிய குறை எல்லோருக்கும் தெரிந்தது: கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில். தினமும் இருபது நிமிடம் செலவழித்தால் இரண்டு மூன்று வாரத்தில் இது பழகிவிடும். பழக்கும் முறையில்தான் பிழை விடுகிறார்கள். முதல் நாளே முகம் வரைய உட்கார்ந்தால் வெறுப்புத்தான் வரும். திரையில் எட்டுப் புள்ளிகளைச் சிதறலாக இட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். பிறகு நீங்களே பென்சிலால் வரைந்த ஒன்றைப் போட்டோ எடுத்து, கீழ் லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஒளி ஊடுருவும் தாள் போன்ற அடுக்கு) 40 வீத ஒளிபுகுதன்மையில் வைத்து அதன்மேல் வரையுங்கள். அடுத்தவர் படத்தைவிட உங்கள் கோட்டின்மேல் வரைவது பயன் தரும், ஏனெனில் கைக்கு அந்த அசைவு ஏற்கெனவே தெரியும்.

பலரும் காரணம் புரியாமல் தவிக்கும் பிழை ஒன்று இருக்கிறது. பலகையில் வட்டம் போட்டால் திரையில் அகன்ற முட்டை விழுகிறது. பானை வரைந்தால் சட்டியாகிறது. கை பழகவில்லை என்று நினைத்து வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். உண்மையில் பலகையின் நீள அகல விகிதம் 1.62, வழக்கமான 16:9 லெப்டொப் திரையின் விகிதம் 1.78. முழுப் பலகையையும் முழுத் திரைக்கும் விரித்தால் எல்லாம் பக்கவாட்டில் 10 வீதம் அகலும். ட்ரைவரில் வரையும் பரப்பை 160க்கு 90 என்று மாற்றினால் போதும். கீழே 9 மில்லிமீற்றர் பட்டை பயனில்லாமல் போகும், வட்டம் வட்டமாகும். அப்படியே சில நாள் பழகிவிட்ட பிறகு திருத்தினால் கை மறுபடி குழம்பும். ஆகவே முதல் நாளே செய்யுங்கள்.

விண்டோஸில் இன்னும் இரண்டு இடர்கள். பேனாவை வைத்ததும் ஒரு வளையம் தோன்றி, கோடு சற்றுப் பிந்தித் தொடங்கினால் அது 'அழுத்திப் பிடித்தால் வலது கிளிக்' என்ற வசதியின் வேலை. கண்ட்ரோல் பனலில் பென் அண்ட் டச் பகுதிக்குப் போய் அதை நிறுத்துங்கள். அழுத்தம் தெரியாமல் கோடு ஒரே தடிப்பில் வந்தால், கிருதா மென்பொருளின் டெப்லட் செட்டிங்ஸில் வின்டெப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டில் எது தெரிவாகியிருக்கிறதோ அதை மற்றதற்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறவுங்கள். வேறு கம்பனிப் பலகையின் ட்ரைவர் முன்பு போட்டிருந்தால் முதலில் அதை முழுவதுமாக நீக்க வேண்டும். இரண்டு ட்ரைவர்கள் ஒன்றாக இருந்தால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது.

வகுப்பறையில் இந்தப் பலகைக்கு ஒரு வசதி உண்டு, அதை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை. ஆசிரியரின் கண் எப்படியும் திரையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பார்ப்பதும் அதே திரை. வயர் எட்டும் தூரத்தில் பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தே வரையலாம். எச்டிஎம்ஐ துளை உள்ள ப்ரொஜெக்டரோடு லெப்டொப்பை இணைத்தால் தனியாக எந்த மாற்றியும் வேண்டாம். எச்640பி போன்ற சில பலகைகளை ஓடிஜி துண்டு போட்டு அண்ட்ராய்ட் போனிலும் செருகலாம். ஆனால் போனோடு இணைக்கும்போது சில மாடல்களில் பலகையின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும், அவசரத்துக்குப் பரவாயில்லை.

பேனாவோடு வரும் டெப்

சாம்சங் கெலக்ஸி டெப் எஸ்6 லைட் 2020இல் வந்தது, பிறகு 2022இலும் 2024இலும் புதுப்பிக்கப்பட்டது. 10.4 அங்குலத் திரை. எஸ் பென் என்ற அதன் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது. அதற்குச் சார்ஜ் வேண்டாம். 4096 அழுத்த நிலை. திரையிலேயே வரைவதால் பழக்கம் தேவையில்லை, எடுத்த உடனே கை ஓடும். டச்சு விரிகுடாக் கரையில் உட்கார்ந்து சுவாமி மலையை வரையலாம், ஓர்ஸ் ஹில் பக்கம் போய் உட்துறைமுகத்தை வரையலாம். கரண்ட் போனாலும் நிற்காது. கையால் பயிலும் இன்பத்தை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம்.

பிறகு ஏன் பென் டெப்லட்டுக்கு அடுத்ததாக வைக்கிறோம்? எஸ்6 லைட்டின் துளை வழியாக எச்டிஎம்ஐ வராது. வைஃபையில் டீவிக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் முன்சொன்ன மென்பொருளோடு லெப்டொப் வழியாக வர வேண்டும். லெப்டொப் இல்லை என்பதற்காக டெப் வாங்கியவர் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் லெப்டொப் தேடி அலைவார். பாடசாலையில் ஸ்மார்ட் டீவி இருந்தால் இந்தக் குறை பெரிதல்ல. பழைய ப்ரொஜெக்டர் மட்டும் என்றால் பெரிது.

இன்னொரு பொறி, பேனாவே இல்லாத டெப்பை மலிவாக வாங்கிவிட்டு "பிறகு பேனா எடுக்கலாம்" என்று நினைப்பது. எஸ் பென்னை உணரும் தகடு திரைக்கு அடியில் தனியாக இருக்க வேண்டும். கெலக்ஸி டெப் ஏ9 போன்றவற்றில் அது இல்லை. "எல்லா டெப்புக்கும் பொருந்தும்" என்று விற்கப்படும் சார்ஜ் ஏற்றும் பேனாக்கள் அண்ட்ராய்டில் மெல்லிய முனை கொண்ட விரல்தான். அழுத்தம் இல்லை, கையைத் திரையில் ஊன்றவும் முடியாது. கையை ஊன்றாமல் ஒரு மணி நேரம் வரைந்து பார்த்தவருக்குத் தோள் சொல்லும்.

ஐபேட், பென் டிஸ்ப்ளே

ஐபேட் நல்ல கருவி. ப்ரோகிரியேட் ஒரு தடவை பணம் கட்டி வாங்கும் மென்பொருள், மாதச் சந்தா கிடையாது. அண்ட்ராய்டிலோ விண்டோஸிலோ அது ஓடாது. பத்தாம் தலைமுறை ஐபேட்டிலிருந்து எச்டிஎம்ஐ அடப்டர் வழியாகப் படம் வெளியே வருகிறது. இந்த ஒரு விடயத்தில் எஸ்6 லைட்டை வெல்கிறது. ஆனால் பேனாவைத் தனியாக வாங்க வேண்டும், அதிலும் ஒரு குழி இருக்கிறது. 2023இல் வந்த, விலை குறைந்த யூஎஸ்பி சி அப்பிள் பென்சில் அழுத்தத்தை உணராது. கடையில் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பத்தாம் தலைமுறை ஐபேட்டில் அழுத்தம் வேண்டுமென்றால் முதல் தலைமுறைப் பென்சிலும், அதைச் சார்ஜ் ஏற்றி இணைக்க ஒரு சிறு அடப்டரும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் பணத்தில் பென் டெப்லட்டும் பழைய லெப்டொப்பும் எடுத்து மிச்சம் பிடிக்கலாம். பயிற்சிக் கொடுப்பனவில் வாழ்பவருக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அண்ணாவோ அக்காவோ வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் மறுக்கவும் வேண்டாம். பென்சில் எது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பென் டிஸ்ப்ளே என்பது லெப்டொப்போடு இணைத்து அதன்மேலேயே வரையும் திரை. எச்டிஎம்ஐ வயர் ஒன்று, யூஎஸ்பி ஒன்று, பல சமயம் மின்சாரத்துக்கு இன்னொன்று. லெப்டொப்பின் ஒரே எச்டிஎம்ஐ துளையை இது பிடித்துக்கொண்டால் ப்ரொஜெக்டரை எதில் செருகுவது? வீட்டில் ஒரே மேசையில் நிரந்தரமாக வேலை செய்பவருக்கு உரியது இது. பஸ்ஸில் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போய்ப் படிப்பிப்பவருக்கு அல்ல.

எந்த மென்பொருளில் எந்தப் பாடம்

லெப்டொப்பில் கிருதா. இலவசம், திறந்த மூலம், முழு மென்பொருள். போனிலும் டெப்பிலும் ஐபிஸ் பெயின்ட் எளிது. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், வகுப்பின் நடுவே சத்தத்தோடு வந்தால் வகுப்பு கலைந்துவிடும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். வரைந்த படிமுறையை அது தானாகவே காணொளியாக்கித் தரும். பாடத்துக்கு வராத பிள்ளைக்குக் காட்ட அதுவே போதும்.

4 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப்பில் கிருதா திணறுகிறது என்பவர்கள் அநேகமாகத் தாளின் அளவைப் பெரிதாக வைத்திருப்பார்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏ4 என்றால் 2480க்கு 3508 பிக்சல். நிறம் நிரம்பிய ஒரு லேயருக்கு ஏறத்தாழ 35 எம்பி நினைவகம் போகும். பத்து லேயருக்கு 350 எம்பி, அன்டூவுக்கு வைத்திருக்கும் பிரதிகள் தனி. ப்ரொஜெக்டரில் காட்டுவதற்கு 150 டிபிஐ தாராளம்; நினைவகம் நாலில் ஒன்றாகிவிடும். பழைய ப்ரொஜெக்டரே 1024க்கு 768 பிக்சல்தான் காட்டும். அச்சுக்குப் போகும் சுவரொட்டிக்கு மட்டும் 300 வையுங்கள்.

இனி டிஜிட்டல் கருவி தாளைவிட மேலாக நிற்கும் இடத்துக்கு வருவோம்: லேயர்கள். வான்வெளித் தூரத்தோற்றத்தைப் படிப்பிக்க, உட்துறைமுகத்துக் காட்சி ஒன்றை நான்கு லேயர்களில் தயாரியுங்கள்: வானம், தூரத்து மலைத்தொடர், நடுவிலுள்ள நீரும் படகுகளும், முன்னால் ஒரு மரக்கிளை. வகுப்பில் ஒவ்வொன்றாக மூடித் திறக்கலாம். மலைத்தொடரின் நிறச்செறிவை வகுப்பின் முன்னிலையிலேயே கூட்டினால் மலை நெருங்கி வந்துவிடும். குறைத்து நீலம் ஏற்றினால் பின்வாங்கும். நீர்வர்ணத்தில் இதைக் காட்ட நான்கு படம் தீட்ட வேண்டும். அதேபோல ஒரு படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிக் காட்டினால், நிறம் வேறாக இருந்தும் ஒளிநிலை ஒன்றாகிப்போன இடங்கள் பளிச்சென்று தெரியும். பிள்ளைகளின் படத்தைப் போட்டோ எடுத்து இப்படிக் காட்டினால், "ஏன் என் படம் தட்டையாக இருக்கிறது" என்ற கேள்விக்கு வாயால் விளக்கத் தேவையில்லை.

கோலமும் அலங்கார வடிவமும் படிப்பிக்கும்போது கிருதாவின் மல்டிபிரஷ் கருவியைத் திறவுங்கள். அச்சுகளின் எண்ணிக்கையை 4, 6, 8 என்று மாற்றி ஒரு கோடு இழுத்தால் சுற்றிவர எல்லாப் பக்கமும் அந்தக் கோடு விழும். ஆறு அச்சில் வைத்த மையத்தை ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். சமச்சீர் என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் கண்ணில் படும். புள்ளிக் கோலத்துக்கு மட்டும் இது உதவாது. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடும் கோட்டைக் கருவி தானாக நிரப்பிவிட்டால் பாடமே போய்விடும். அதை வெண்பலகையில் கையால் போடுங்கள்.

பாடசாலைக் கணினி அறையில் பலகையும் பேனாவும் இருக்காது, மவுஸ் மட்டும்தான். மவுஸால் கிருதாவில் வரையச் சொல்வது பிள்ளைகளைச் சித்திரவதை செய்வது. அங்கே இன்க்ஸ்கேப் போடுங்கள். வட்டம், சதுரம், வளைகோடு என்று வடிவங்களை வைத்து, திருப்பி, பிரதியெடுத்து அமைப்பது மவுஸுக்கு ஏற்ற வேலை. துணி அலங்காரம், இலச்சினை, பொதி உறை எல்லாம் இதில் வரும். சுவரொட்டியில் தமிழ் எழுதும்போது பாமினியில் தட்டச்சு செய்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாக விரியும். யூனிகோட் எழுத்துருவில் எழுதுங்கள். அச்சுக்கடைக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளைப் பாதையாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் கொம்பும் காலும் இடம் மாறாது. மாற்றாத மூலப் பிரதியையும் வைத்திருங்கள், இல்லாவிட்டால் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை. நிலாவெளிக் கடலின் பச்சைநீலத்தைத் திரையில் ஒளிர ஒளிரத் தீட்டி அச்சுக்குக் கொடுத்தால் மங்கி வரும். திரை ஒளியால் நிறம் தருகிறது, அச்சு மையால். அந்தப் பளிச்சென்ற நிறங்களுக்கு நான்கு மைகளின் எல்லை எட்டாது. போன் திரை 'விவிட்' நிலையில் இருந்தால் ஏமாற்றம் இன்னும் கூடும். நெச்சுரலுக்கு மாற்றி வைத்துக்கொண்டு வரையுங்கள்.

பிள்ளைகளின் ஆக்கங்களைப் பதிவு செய்வதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். விறாந்தை நிழலில் படத்தைத் தரையில் விரித்து, கமராவில் கட்டக்கோடுகளை இயக்கி, ஒரு மீற்றர் உயரத்திலிருந்து இரண்டு மடங்கு சூமில் எடுங்கள். கிட்ட நின்று எடுத்தால் ஓரங்கள் புடைக்கும். ஃப்ளாஷ் வேண்டாம், பேஸ்டல் மினுங்கும். வெள்ளைத்தாள் துண்டொன்றை ஓரத்தில் வைத்தால் பிறகு ஸ்னாப்சீட்டில் நிறத்தைச் சரிசெய்ய அதுவே ஆதாரம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டும் தரமும் தொடர் இலக்கமும் போதும். பிள்ளையின் பெயரும் முகமும் பொதுவெளிக்குப் போகக் கூடாது.

உப்புக்காற்றும் கச்சானும்

திருகோணமலை நகரில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வந்துவிடும். உப்பு ஈரம் முதலில் பிடிப்பது சார்ஜ் துளையை. வயரை அசைத்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் பற்றரியைச் சந்தேகிக்கும் முன் துளையைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்விக்க வேண்டும், ஊசியால் கிண்டக் கூடாது. ஈரத்தில் சார்ஜ் போடுவதுதான் அரிப்பை வேகப்படுத்துகிறது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள், குறிப்பாக மார்கழி மழைக்காலத்தில்.

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தொல்லை வேறு. மணல் துகள் ஒன்று பேனா முனைக்கும் திரைக்கும் இடையே சிக்கினால் கண்ணாடியில் நிரந்தரக் கீறல். வரையும் முன் துடைப்பது பழக்கமாகட்டும். கடதாசி உணர்வு தரும் மேலொட்டி ஒட்டினால் கோடு வழுக்காது, ஆனால் முனை விரைவில் தேயும். முனையின் ஒரு பக்கம் தட்டையாகி விளிம்பு கூராகிவிட்டால் மாற்றுங்கள். கூரான விளிம்பு பலகையையும் கீறும். எச்640பியோடு மேலதிக முனைகள் பெட்டிக்குள்ளேயே வருகின்றன.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறக்கவில்லை. இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும், ப்ரொஜெக்டர் நின்றுபோனால் என்ன செய்வது என்பது பாடத்திட்டக் குறிப்பில் ஒரு வரியாக இருக்க வேண்டும். டிமை தாளில் தயாரித்த ஒரு சுவர்ப்படம் பையில் சுருட்டியிருந்தால் போதும்.

எப்போது, எப்படி வாங்குவது

தேசிய கல்வியியற் கல்லூரியில் பயில்பவருக்கு முதல் இரண்டு ஆண்டு வதிவிடக் கற்கை, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் பயிற்சி. முதலாம் ஆண்டில் போன் தாங்கியும் கிருதாவும் மட்டும் போதும். மவுஸால் லேயர்களையும் நிறமாற்றத்தையும் பழகலாம். பென் டெப்லட்டை இரண்டாம் ஆண்டின் நடுவில் வாங்குங்கள். பாடசாலைக்குப் போக முன் கை பழகியிருக்கும், உத்தரவாதமும் முடிந்திருக்காது. மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துவிட்டு நேரடியாகப் பணிக்குப் போக இருப்பவர் இறுதி ஆண்டிலேயே வாங்கிவிடலாம்.

பாவித்த எஸ் பென் டெப் வாங்குவதென்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். வரையும் மென்பொருளைத் திறந்து, ஓர் அடிமட்டத்தைத் திரையில் சாய்வாக வைத்து, பேனாவால் மிக மெதுவாக மூலையிலிருந்து மூலைக்குக் கோடு இழுங்கள். கோட்டில் சிறு நெளிவு எல்லா டெப்பிலும் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் துள்ளினாலோ அறுந்தாலோ அந்த இடத்தில் திரை அடிபட்டிருக்கிறது. பிறகு பேனாவைத் திரையில் படாமல் அரை சென்ரிமீற்றர் மேலே பிடித்தால் புள்ளி ஒன்று பேனாவைத் தொடர வேண்டும். தொடராவிட்டால் பேனா போலி, அல்லது உணரும் தகடு பழுது. சார்ஜ் வயரைச் செருகிக்கொண்டே இன்னொரு கோடு இழுங்கள்; அப்போது மட்டும் கோடு நடுங்கினால் பழுது சார்ஜரில். வேறு சார்ஜரால் ஒரு தடவை பார்த்துவிட்டு விலை பேசலாம்.